'கிருமி வளரவில்லை' என்று நான்கு முறை

இந்தக் கட்டுரை எனக்கு விதிக்கப்பட்ட தண்டனை. ஓய்வுபெற்றவர்கள் யாரும் கேட்காமலேயே அனுபவம் சொல்லக்கூடியவர்கள். அவர்களில் ஒருவனை எழுதச் சொல்வது எப்படித் தண்டனையாகும் என்று கேட்பீர்கள். பெருமை பேசாமல் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. இப்போது புரிந்திருக்கும்.

தண்டனை கொடுத்தவர் ப்ரீத்தி. வில்லியனூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நான் முப்பது வருடம் தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர். அங்கே புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. கிருமியைக் கொஞ்சம் தடவி உள்ளே தள்ளினால் சில நிமிடத்தில் பெயரைச் சொல்லிவிடுமாம். நான் மூன்று நாள் யோசித்துத் தப்பாகச் சொன்னதை இனிமேல் உடனுக்குடன் தப்பாகச் சொல்லலாம். விஞ்ஞான வளர்ச்சி என்றால் சும்மாவா. அந்த வைபவத்தை ஒட்டி ஒரு சிறு மலர் போடுகிறார்கள். "மெஷினு வர்றதுக்கு முன்னாடி நீங்கல்லாம் எப்படி சார் சமாளிச்சீங்க, எழுதிக் குடுங்க. ஆனா அஞ்சலை கேஸத்தான் எழுதணும். வேற எதையாவது எழுதி நழுவக்கூடாது" என்றார். நான் அண்மையில் செய்த குற்றம் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பழைய குற்றம்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கரும்பு போடும் குடும்பம். டாக்டராகத்தான் ஆசை. என் மதிப்பெண்ணுக்கு அந்த ஆசை ஒத்துவரவில்லை. அந்தக் காலத்தில் நுண்ணுயிரியல் வகுப்பு என்பது டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் துக்கம் விசாரித்துக்கொள்ளும் இடம். நானும் போய் உட்கார்ந்தேன். இரண்டு பட்டங்கள் வாங்கினேன். இரண்டையும் சேர்த்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, ஆட்டு ரத்தம் உறையாமலிருக்கக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் அதை ஊற்றிப் பத்து நிமிடம் விடாமல் குலுக்குவது. அந்த ரத்தத்தைக் கலந்து ஊற்றிய தட்டில்தான் கிருமிகளை வளர்ப்போம். என் வலது தோள் இன்றும் வலிக்கிறது. கேட்பவர்களிடம் கிரிக்கெட் ஆடியபோது பட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆய்வகம் மருத்துவமனையின் துணி வெளுக்கும் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. வார்டிலிருந்து நோயாளியின் புண்ணைத் தொட்ட பஞ்சுக்குச்சி ஒரு குழாயில் அடைபட்டு வரும். கூடவே டாக்டரின் கையெழுத்தில் ஒரு சீட்டு. சீட்டைப் படிக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. படிக்க முயன்றாலும் முடியாது என்பது வேறு விஷயம். பஞ்சை ரத்தத் தட்டில் இழுத்து, உடல் சூடு உள்ள இன்குபேட்டர் பெட்டியில் வைப்போம். மறுநாள் காலையில் பார்ப்போம். வளர்ந்திருந்தால் வேலை. வளரவில்லையென்றால் இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு ரப்பர் ஸ்டாம்ப்.

ஆமாம், ரப்பர் ஸ்டாம்ப்தான். 'கிருமி வளரவில்லை' என்பதை ஆங்கிலத்தில் செதுக்கிய முத்திரை ஒன்று எங்களிடம் இருந்தது. அவ்வளவு அடிக்கடி எழுத வேண்டியிருந்ததால் நான்தான் யோசனை சொல்லிச் செய்யவைத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு அது. நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்ததும் தட்டுகள் வாளிக்கு, முத்திரை காகிதத்துக்கு. எங்கள் ஆய்வகம் தாமதமில்லாமல் ரிப்போர்ட் தருகிறது என்று தரச்சான்று கொடுக்க வந்தவர்கள் பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள். வெறுங்காகிதத்தைக்கூடத் தாமதமில்லாமல் தரலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் தலைவி மனோன்மணி மேடம். புதுச்சேரி டவுன்காரர். அப்பா சொல்தா, பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர். அந்த மிடுக்கு மகளின் முதுகெலும்பில் மிச்சம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் பதிவேட்டின் மேல் கன்னத்தை வைத்துச் சரியாக இருபது நிமிடம் தூங்குவார். விழித்ததும் கன்னத்தில் கோடுகளோடு எங்களைக் கட்டுப்பாடு பற்றித் திட்டுவார். தட்டுகளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். அப்படி முகரவே கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்.

ரிப்போர்ட்டை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். மூடிபோட்ட பேனாவை அதன்மேல் வைத்துவிட்டு, "நிச்சயமா?" என்பார். அவ்வளவுதான். குரலை உயர்த்தவோ நிமிர்ந்து பார்க்கவோ மாட்டார். "நிச்சயம் மேடம்" என்று சொன்னால் மூடியைத் திறப்பார். பதினைந்து வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை 'நிச்சயம்' சொல்லியிருப்பேன். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும்போதுகூட அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

இப்போது என் ஆராய்ச்சி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாஃப் என்று ஒரு கிருமி. திராட்சைக் கொத்துபோல் இருக்கும். நம்மில் பலர் மூக்கில் வாடகையில்லாமல் குடியிருப்பது. அதில் ஒரு வகை பல மருந்துகளுக்கு அடங்காது. நாம்தான் பழக்கிவிட்டோம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் மூன்று மாத்திரை வாங்கி, இரண்டு போட்டுக் காய்ச்சல் விட்டதும் மூன்றாவதை அலமாரியில் வைக்கிறோம் இல்லையா, அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியது. இந்த ஸ்டாஃப் உடம்புக்குள் பொருத்திய இரும்புத் தகடு, குழாய் எதன்மேலாவது உட்கார்ந்தால் தன்னைச் சுற்றி வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும். பயோஃபிலிம் என்போம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தடவிப் பாருங்கள், விரல் வழுக்கும், அதுதான். அதற்குள் போய்விட்ட கிருமியை மருந்து எட்டாது, பஞ்சுக்குச்சியும் எட்டாது.

இதில்தான் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். தொண்ணூற்றாறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் கிருமியை வளர்த்து, கொட்டி, அலசி, ஊதாச் சாயம் ஊற்றி, மறுபடி அலசி, எந்தக் குழியில் எவ்வளவு சாயம் ஒட்டியிருக்கிறது என்று அளப்பது. மேடம் இதைத் துணி துவைக்கிற வேலை என்பார். "முன்னாடி வெளுக்குற எடத்துல நூறு துணி, இங்க நூறு குழி" என்பார். ஐந்து வருடம் என் விரல்கள் ஊதாவாகவே இருந்தன. பஸ்ஸில் ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "எத்தினி ஓட்டுபா போட்ட" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை, கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு. கருத்தரங்கு என்பது, சாப்பாட்டுக்கு முன்னால் பசியோடிருப்பவர்களிடமும் பின்னால் தூங்குபவர்களிடமும் பேசுவது. எனக்குச் சாப்பாட்டுக்குப் பின்னால் கிடைத்தது. திரையில் வண்ணப் படம் போட்டு விளக்கினேன். "இரும்புத் தகட்டின்மேல் பயோஃபிலிம் இருந்தால் மேலோட்டமாக எடுக்கும் பஞ்சுக்குச்சியில் கிருமி சிக்காது. எனவே 'வளரவில்லை' என்ற ரிப்போர்ட்டைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது" என்றேன். முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். கூப்பிட்டு எழுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பையும் பேனாவும் பரிசாகக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பேனாவாலேயே, அஞ்சலை, செலியமேடு, வலது கால், எலும்பில் தகடு, என்ற ரிப்போர்ட்டில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். கிருமி வளரவில்லை. நான்காவது முறை.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. நிற்கட்டும். அன்று நிற்கவில்லை.

மேடம் ரிப்போர்ட்டின் மேல் மூடிபோட்ட பேனாவை வைத்தார்.

"நிச்சயமா?"

"நிச்சயம் மேடம்."

மூடி திறக்கவில்லை. டாக்டர் அனுப்பிய சீட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் ஆய்வகத்தில் அதைப் படிக்கும் ஒரே ஜீவன் அவர்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். கரும்பு ஏற்றிய டிராக்டர் வரப்பில் கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தகடு வைத்து ஒன்றரை வருடமாகிறது. எலும்பு கூடிவிட்டது, புண் ஆறவில்லை. மாதாமாதம் சீழ். சர்க்கரை வேறு. கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று. இந்த முறையும் கிருமி இல்லையென்றால் காலை எடுத்துவிடலாம், வரும் திங்கட்கிழமை. குடும்பத்திடம் பேசியாயிற்று.

"மைக்ராஸ்கோப்புல சீழ் செல்லு இருந்திச்சா?"

"நிறைய இருந்திச்சு மேடம்."

"கிருமி?"

"இல்ல."

"அப்ப அந்தச் சீழ எவன் கொண்டாந்து ஊத்திட்டுப் போறான்? நீங்களா?"

நான் சீட்டை இன்னொரு முறை படித்தேன்.

"சனிக்கிழம ஓட்டல்ல என்னவோ பேசினீங்களாமே."

மேடம் பேனாவை எடுத்துச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். "நாளைக்கு செலியமேடு போங்க. அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாதீங்க. நீங்க வர்றதையும் சொல்லாதீங்க. போய்ப் பாருங்க."

"நானா? மேடம், நான் ஆய்வகத்து ஆளு."

"அதான் தெரியுதே."

பதினைந்து வருட சர்வீஸில் நான் ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை. எனக்கு மனிதர்கள் என்றால் குழாய் எண்தான். செவ்வாய்க்கிழமை காலை இஸ்திரி போட்ட பேண்டும், பையில் பஞ்சுக்குச்சிகளும், மனசில் அவமானமுமாக வண்டியைக் கிளப்பினேன். கரிக்கலாம்பாக்கம் தாண்டும்வரை மேடத்தைத் திட்டினேன். பாகூர் ஏரிக்கரை வந்ததும் என்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். பொழுது போக வேண்டுமே.

அஞ்சலைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காலில் ஒரு பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. துணி நனைந்திருந்தது. இரண்டு ஈக்கள்.

"இன்னா சார், ரேஷன் கார்டு சரிபாக்க வந்தியா? ஜெராக்ஸ்தான் அன்னிக்கே குடுத்துட்டனே."

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றேன். அந்த முகம் மாறியதை நான் மறக்கவில்லை. கீரையைத் தள்ளிவிட்டு, ஒரு காலில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"சொல்லிட்டு வரக்கூடாதா சார்? காலு அலங்கோலமா கீது. இரு, கழுவினு வந்துடறன். அஞ்சே நிமிசம்."

"கழுவாதீங்க. இப்படியே பார்க்கத்தான் வந்தேன்."

"இப்பிடியேவா? அய்ய, நாறுது சார்."

"பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் இப்படித்தான் வருவீங்களா?"

அஞ்சலை என்னைப் புத்தி பேதலித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "டாக்டருகிட்ட இப்பிடியா வருவாங்க? மொதோ தபா இப்பிடித்தான் வந்தன். சீழப் பாத்துட்டு, 'இன்னாம்மா, சுத்தம்னா இன்னான்னே தெரியாதா, மாடுகூட இப்பிடி இருக்காது'ன்னு, அத்தினி பேரு முன்னாடி கேட்டாரு. நாக்கப் புடுங்கினு சாவலாமான்னு இருந்திச்சி. அதுக்கப்பறம் வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே மாத்தர போட்டுடுவன். காத்தாலயும் சாய்ங்காலமும் ஸ்பிரிட்டு ஊத்திக் கழுவுவன். வர்ற அன்னிக்குப் பாத்தா காலு காஞ்சி பூடும். அவுரு ஒண்ணும் கேக்க மாட்டாரு."

"என்ன மாத்திரை?"

உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். திறந்தார். ஒன்றரை வருடமாக மருத்துவமனை எழுதிக்கொடுத்த மாத்திரைகள். சிவப்பு, மஞ்சள், பாதிபாதியாக வெட்டிய அட்டைகள். ஏழெட்டு விதம். நாங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுத்ததெல்லாம் அந்த டப்பாவில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது.

"தினமும் சாப்பிடணும்னு சொல்லலையா?"

"சொன்னாங்க. தினிக்கும் துன்னா தீந்துபூடுமே சார். அடுத்த மாசம் வர்றப்ப இன்னா பண்றது?"

கிருமியை முழுசாகக் கொல்லாமல், மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் அடித்து, மீதி நாளெல்லாம் ஓய்வுகொடுத்து வளர்த்திருக்கிறார். பழக்கினால் அடங்காமல் போகும் என்று நான் மேடையில் பேசியதை, இந்த அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து நடத்திக் காட்டியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் எங்கள் பஞ்சுக்குச்சி வரும் நாட்கள். துடைத்த காலில் நாங்கள் தேடினோம்.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அஞ்சலையைப் பார்த்து வந்த சிரிப்பல்ல. தரச்சான்றுக்காரர்கள் வரும் வாரம் நாங்கள் இன்குபேட்டரைத் துடைப்போம், தரையை மெழுகுவோம், பழைய தட்டுகளைத் தூக்கியெறிவோம், காலாவதியான மருந்துப் புட்டிகளை என் ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்துவைப்போம். வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் போவார்கள். எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அஞ்சலைக்குக் காலை எடுக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். அதுதான் வித்தியாசம்.

குந்தி உட்கார்ந்தேன். துணியைப் பிரித்தேன். புண் ஒரு ரூபாய்க் காசளவுதான், ஆனால் நடுவில் ஆழமாக ஒரு துளை. பஞ்சுக்குச்சியை மேலே தடவாமல் துளைக்குள் அடிவரை விட வேண்டும். எத்தனை முறை வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் உயிருள்ள மனிதர்மேல் அன்றுதான் முதல் முறை. குச்சியின் முனை காற்றில் கோலம் போட்டது.

அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்தார். "பயப்படாத சார். எனுக்கு வலிக்காது. நீ உடு."

உள்ளே விட்டேன். அடியில் குச்சி எதிலோ இடித்தது. இரும்பு. அந்தச் சின்னச் சத்தத்துக்குப் பிறகுதான், ஐந்து வருடமாக நான் எதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது அஞ்சலை கேட்டார்: "சார், திங்கக்கெழம காலு எடுக்கறதுக்கு வர்றப்ப கழுவினு வரலாமா, கூடாதா?"

பஞ்சுக்குச்சியைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

செவ்வாய் மதியம் தட்டில் போட்டேன். புதன் காலை ஒன்றுமில்லை. வியாழன் மதியம் நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தது. ஒன்றுமில்லை. கூட வேலை பார்த்தவர் வாளியோடு வந்துவிட்டார். பழக்கதோஷம், தட்டை நானே எடுத்து நீட்டிவிட்டேன். மேடம் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார், கன்னத்தில் கோடுகளோடு. தட்டை என் கையிலிருந்து வாங்கி, முகர்ந்து, மூடி, இன்குபேட்டரின் பின்தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

"நேரம் முடிஞ்சுபோச்சு மேடம்" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஸ்டாஃப் என்றால் கொத்தமல்லி விதை அளவுக்குப் பொன்னிறமாக இருக்கும். இது கசகசாவைவிடச் சின்னது. நிறமில்லை. தூசி என்று துடைத்துவிடலாம். இதற்கு முன்னால் எத்தனை பேருடையதைத் துடைத்திருக்கிறேனோ. உடம்புக்குள் நெடுநாள் பதுங்கியிருக்கும் ஸ்டாஃப் சில சமயம் இப்படிக் குறுகிப்போகும். சாப்பாட்டைக் குறைத்து, வளர்ச்சியைக் குறைத்து, தலைமறைவுக்காரன்போல் இருக்கும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்ததற்குச் சான்றிதழும் இருக்கிறது.

ஒரு புள்ளியை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் வைத்தேன். நுரைத்தது. கண்ணாடியில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தேன். திராட்சைக் கொத்து. அடுத்தது பிளாஸ்மா சோதனை: ரத்தத்தின் தெளிந்த நீரில் கிருமியைப் போட்டால், அசல் ஸ்டாஃப் அதைத் தயிர்போல் உறையவைக்கும். நான்கு மணி நேரத்தில் உறையவில்லை. பழைய நான் முத்திரையைத் தேடியிருப்பேன். குழாயை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை காலை சாய்த்தேன். அசையவில்லை. உறைந்திருந்தது.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க மருந்து வில்லைகள் வைத்த தட்டும் பேசியது. அந்தக் கிருமி முக்கால்வாசி வில்லைகளை மோதிநிற்கும்வரை வளர்ந்திருந்தது. வான்கோமைசின் என்ற மருந்தின் பக்கம் மட்டும் நெருங்கவில்லை. அதை வேறு முறையிலும் சரிபார்க்கவேண்டும், அதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தேன். புதுத் தட்டுக்கு மாற்றியதும் சில புள்ளிகள் மறுபடி பொன்னிறமாகப் பெருத்திருந்தன.

எலும்பு டாக்டருக்குப் போன் செய்தேன். அஞ்சலையை மாட்டோடு ஒப்பிட்டவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது நியாயமாக இருந்தது, அதுதான் கஷ்டம். "நாலு தடவ இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க சார். இப்ப இருக்குன்றீங்க. நாலுக்கு ஒண்ணு. நான் எத நம்பி கத்திய எடுக்கறது?"

மேடத்திடம் போனேன். புது ரிப்போர்ட்டை நீட்டினேன். பேனா வந்து உட்காரவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அஞ்சலையின் பழைய ரிப்போர்ட் நகல் நான்கையும் எடுத்து வரிசையாக வைத்தார். பிறகு என் மேசைக்கு நடந்துபோய் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துவந்து தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாலுக்கும் திருத்தம் எழுதுங்க. கையால. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா."

"ஒரே கடிதமா எழுதிடலாமே மேடம்."

"முத்திரைய ஒரே தடவையா குத்தினீங்க?"

எழுதினேன். 'கிருமி வளரவில்லை என்று இந்தத் தேதியில் நான் கொடுத்த அறிக்கையை நம்ப வேண்டாம். நோயாளி மருந்து எடுத்துக்கொண்டதை நான் கேட்கவில்லை. தட்டை உரிய காலம் வைத்துப் பார்க்கவில்லை. கிருமி இல்லை என்பது என் கண்டுபிடிப்பல்ல. நான் தேடவில்லை என்பதே உண்மை.' இப்படி நான்கு முறை. முதலாவதை எழுதும்போது கோபம். இரண்டாவதில் கை வலி. மூன்றாவதில் முனைவர் பட்டக் குழு இதைப் படித்தால் என்ன ஆகும் என்ற கவலை. நான்காவதை எழுதும்போது ஓட்டலில் கைதட்டியவரின் முகம் ஞாபகம் வந்தது. மேடம் நான்கையும் படித்தார்.

"நிச்சயமா?"

தலையை ஆட்டினேன். அன்றுதான் அந்தப் பேனாவின் மூடி சத்தம் போடாமல் திறந்தது என்று தோன்றியது. எனக்குக் காது அடைத்திருக்கவும் கூடும்.

எலும்பு டாக்டர் அந்த நான்கு தாள்களையும் நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார். "இந்த மாதிரி ஒருத்தரும் எழுதிக் குடுத்ததில்ல சார்" என்றார். பாராட்டா திட்டா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. "அந்தம்மா ஏன் ரெண்டு நாளைக்கு மட்டும் மாத்திரை போட்டாங்க?" என்று கேட்டார். நான் காரணத்தை அப்படியே சொன்னேன், மாடு உட்பட. அவர் வெகுநேரம் அந்தத் தாள்களின் ஓரத்தைச் சீராக அடுக்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வந்தது, அஞ்சலையின் காலை எடுக்கவில்லை. தகட்டை எடுத்தார்கள். அழுகிய எலும்பைச் சுரண்டினார்கள். தகடு ஒரு புட்டியில் என்னிடம் வந்தது. உறை போட்ட விரலால் தொட்டேன். வழுக்கியது. உப்புநீரில் போட்டுக் குலுக்கி, அந்த நீரைத் தட்டில் ஊற்றினேன். என் வலது தோளுக்குக் கடைசியாக ஒரு உபயோகம். மூன்றாம் நாள் தட்டு முழுக்கக் கசகசா. வான்கோமைசின் ஊசி வாரக்கணக்கில் போனது. அதன்பிறகு தந்த மாத்திரையைத் தினமும் போடச்சொன்ன எலும்பு டாக்டர், இந்த முறை ஏன் என்றும் சொன்னார். டப்பாவை நான் வாங்கிக்கொண்டேன்.

புண் ஆறியது. கொஞ்சம் விந்தி நடப்பார், ஆனால் இரண்டு காலால் நடப்பார். சில மாதம் கழித்து ஆய்வகத்துக்கே வந்தார். வாசலில் நின்று, "கிருமியக் கண்டுபுடிச்சவுரு யாருன்னு கேட்டன், உன்னக் காட்டனாங்க. நாலு தபா இல்லன்னு எழுதனவுரு யாருன்னு கேட்டன், அப்பவும் உன்னத்தான் காட்டறாங்க. ரெண்டும் நீதானா சார்?" என்றார்.

"ரெண்டும் நான்தான்மா."

"நல்ல பொழப்பு" என்றார். வீட்டில் காய்த்ததென்று இரண்டு சுரைக்காயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் எனக்கு வந்த மதிப்புரைகளில் இதுதான் துல்லியமானது.

ரப்பர் ஸ்டாம்ப் திரும்பி வரவேயில்லை. 'கிருமி வளரவில்லை' என்று முழுசாகக் கையால் எழுத வேண்டியிருந்ததால், அதை எழுதுமுன் ஒவ்வொருவரும் இன்னொரு நாள் தட்டை வைத்துப் பார்த்தோம். சோம்பேறித்தனம் விஞ்ஞானத்துக்கு இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முனைவர் பட்டம் வந்தது. ஆய்வேட்டில் தொண்ணூற்றாறு குழிகள் இருக்கின்றன. செலியமேடு இல்லை.

இனி, புதுக் குற்றம். ஓய்வுபெற்ற பிறகு எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. வலது கால் கட்டைவிரலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. போன வாரம் ப்ரீத்தியே பஞ்சுக்குச்சி எடுத்தார். மூன்று நாள் வைத்துப் பார்த்திருக்கிறார். புது இயந்திரத்துக்குக் கொடுக்க ஒரு புள்ளிகூட இல்லை. போன் வந்தது.

"சார், ஒண்ணும் வளரல."

"நல்லது" என்றேன்.

"சார், சீழ் செல் நெறைய இருக்குது."

நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"வர்றதுக்கு மொதல் நாளு இன்னா பண்ணீங்க?"

பொய் சொல்ல முயன்றேன். முப்பது வருடம் ஆய்வகத்தில் இருந்தவனுக்கு வராத கலையா. ஆனால் ப்ரீத்தி பேசாமல் காத்திருந்தார். அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அதன்மேல் ஒரு மூடிபோட்ட பேனா இருக்கும். சொல்லிவிட்டேன். பழைய ஆட்கள் முன்னால் அழுக்குக் காலை நீட்டக் கூச்சமாக இருந்தது. ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினேன். அலமாரியில் பல்வலிக்கு வாங்கி மீந்த மாத்திரை இருந்தது. இரண்டு போட்டேன்.

மறுமுனையில் ப்ரீத்தி ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத்தான் இந்தக் கட்டுரையை விதித்தார். "செவ்வாக்கெழம நானே வூட்டுக்கு வரன் சார். அதுவரைக்கும் மாத்தரயும் கூடாது, ஸ்பிரிட்டும் கூடாது. கால அப்பிடியே வெச்சிருங்க."

இன்று திங்கட்கிழமை. மனைவி பக்கெட்டில் வெந்நீர் வைத்துவிட்டு, "வர்றது பொம்பளப் புள்ள, இப்பிடியா கால வெச்சினு ஒக்காந்திருப்ப? கழுவிட்டு ஒக்காரு" என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். கால் நாறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெந்நீர் ஆறிவிட்டது.